கார் இரவில் எங்கே நிற்கும்?

கேள்வி: ஐயா, நாங்கள் சிட்லபாக்கத்தில் 16 வீடுகள் உள்ள அடுக்குமாடியில், இரண்டாவது மாடியில், சொந்த வீட்டில் இருக்கிறோம். கீழே எங்களுக்கென்று ஒரு கார் பார்க்கிங் உண்டு. என் கணவருக்கு மறைமலைநகரில் வேலை. போக வர தினமும் 40 கிலோமீட்டர். வீட்டு வேலைகளுக்கு ஓடுவதையும் சேர்த்தால் மாதம் 1,200 கிலோமீட்டர் ஆகும். அது தவிர மாதம் ஒருமுறை கும்பகோணத்தில் மாமியார் வீட்டுக்குப் போவோம். 35 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் போட்டுக்கொள்ளச் சங்கத்தில் கேட்டோம். செயலாளர் தீப்பிடித்துவிடும் என்கிறார். பொருளாளர், பொதுக் கரன்ட்டை நீங்கள் எடுத்தால் கணக்கு யார் பார்ப்பது என்கிறார். என் தம்பியோ, "எதுக்குக்கா சண்டை? பங்க்ல எல்லாம் சார்ஜர் வந்தாச்சு, வாரம் ஒரு தடவை போட்டா போதும்" என்கிறான். எதிர்வீட்டுக்காரர், "வீட்டுல போட்டா 100 யூனிட் இலவசம், கார் சும்மா ஓடும்" என்கிறார். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஆகிறது. வீட்டு சார்ஜிங்கா, பொது சார்ஜிங்கா, எதை நம்பி வாங்குவது?
– ஒரு வாசகி, சிட்லபாக்கம்

பதில்: அம்மா, என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பார்க்கிங்கில் ஒரு 15 ஆம்ப் பிளக் பாயின்ட் உறுதியாகும்வரை காருக்கு முன்பணம் கட்டாதீர்கள். உறுதியாகிவிட்டால் தயங்காமல் வாங்குங்கள். கும்பகோணப் பயணத்துக்குப் பொது சார்ஜர் போதும். தினசரி ஓட்டத்துக்கு அதை நம்பாதீர்கள்.

எதிர்வீட்டுக்காரர் சொன்ன கணக்கை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்த 100 யூனிட்டை உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் மின்விசிறியும் ஏற்கெனவே தின்றுவிட்டன. கார் வந்து சேர்வது 400-க்கு மேல். நம் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலையில் அறிவித்த கட்டணப்படி 400 யூனிட் வரை 5 ரூபாய்க்குள் அடங்கும் விலை, அடுத்த 100-க்கு 6 ரூபாய் சொச்சம், அதற்கடுத்த 100-க்கு 8 ரூபாய் சொச்சம், 600-க்கு மேல் 9 ரூபாயைத் தாண்டும், 800-க்கு மேல் 10 ரூபாயைத் தாண்டும். இதோடு இன்னொன்றும் உண்டு. மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகள் பாதி விலையில் கிடைக்கின்றன. ரீடிங் 501 ஆன கணத்தில் அந்தச் சலுகை போய்விடும். அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 240 ரூபாய் பில்லில் கூடும்.

இப்போது உங்கள் காரை இந்தப் படியில் ஏற்றுவோம். ஊருக்குள் ஓட்டும்போது, சார்ஜ் ஏறுகையில் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200 கிலோமீட்டருக்கு 200 யூனிட். இரண்டு மாதத்துக்கு 400. உங்கள் ரீடிங் 400-லிருந்து 800 ஆகிறது. இப்போது 1,200 ரூபாய் அளவில் வரும் பில் 4,800 ரூபாய்க்குப் பக்கத்தில் போய் நிற்கும். கூடிய தொகையை 400-ஆல் வகுத்தால், கார் குடித்த மின்சாரம் யூனிட்டுக்கு ஏறத்தாழ 9 ரூபாய். ஆகவே கார் சும்மா ஓடாது. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் ஆகும். அடுத்த ஈ.பி. பில்லைப் பார்த்து வீட்டில் யாரும் பதறாமல் இருக்க இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பொது சார்ஜர் பக்கம் வாருங்கள். நெடுஞ்சாலையிலும் பங்க்குகளிலும் இருக்கும் டி.சி. வேக சார்ஜர்களில், வரியும் சேர்த்து, யூனிட்டுக்கு 18 முதல் 25 ரூபாய் வரை நான் கொடுத்திருக்கிறேன். 22 என்று வைத்துக் கணக்கிட்டால், அதே 1,200 கிலோமீட்டருக்கு மாதம் 4,000 ரூபாய் அளவில் வரும். வீட்டில் ஆவது 1,800. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் என்றால் 80 லிட்டர், 8,000 ரூபாய். பொது சார்ஜரை மட்டுமே நம்பினாலும் பெட்ரோலில் பாதிதான் என்று உங்கள் தம்பி சொல்வார். அது உண்மையும்கூட.

விலை ஏன் இவ்வளவு கூடுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. யாரோ கொள்ளையடிப்பதாக நினைக்க வேண்டாம். ஒரு சார்ஜிங் நிலையத்துக்கு இட வாடகை உண்டு, பெரிய மின் இணைப்பு உண்டு, சில இடங்களில் தனி டிரான்ஸ்ஃபார்மரே வைக்க வேண்டியிருக்கிறது, பல லட்சம் ரூபாய் இயந்திரம் நாளில் பெரும்பகுதி சும்மா நிற்கிறது. இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மின்சாரத்தை விற்க உரிமம் வேண்டும், ஆனால் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது சேவைதான், உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அதனால்தான் தனியார் பலர் இந்தத் தொழிலுக்குள் வர முடிந்தது. சேவை என்றால் சேவைக்கான வரியும் வரும். உங்கள் வீட்டு பில்லில் ஜி.எஸ்.டி. கிடையாது. ஒரே மின்சாரம், சாலையோரத்தில் வாங்கினால் வரியோடு வருகிறது. சொந்தப் பார்க்கிங் இல்லாதவர்தான் இந்த வரியை முழுதாகச் சுமக்கிறார் என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம். இதைக் குறைக்கத்தான் வேண்டும்.

பொது நிலையங்களுக்கு விற்கும் மின்சாரத்தைப் பகல் 9 மணி முதல் 4 மணி வரை, சூரிய மின்சாரம் பெருகும் நேரத்தில், சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்குக்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்குக்கும் தர வேண்டும் என்று மத்திய அரசின் 2024 செப்டம்பர் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே வெளியில் சார்ஜ் போட நேரும்போது செயலியில் பகல் விலையையும் இரவு விலையையும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

ஆனால் அம்மா, என்னை நிறுத்துவது பணக் கணக்கு இல்லை. நேரம். "வாரம் ஒரு தடவை" என்கிறாரே தம்பி, அதைச் சரிபார்ப்போம். வாரம் 280 கிலோமீட்டருக்கு 40 யூனிட்டுக்கு மேல் பேட்டரிக்குள் போக வேண்டும். வேக சார்ஜரில் யாரும் பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரை ஏற்றுவதில்லை. 10 சதவீதத்தில் போய் 80-இல் எடுப்பதுதான் வழக்கம். 80-க்கு மேல் கார் தானே மின்சாரத்தை வாங்கும் வேகத்தைக் குறைத்துவிடும். 35 யூனிட் பேட்டரியில் அந்த 70 சதவீதம் என்பது 24, 25 யூனிட். ஆக வாரத்துக்கு ஒருமுறை போதாது, ஏறத்தாழ இரண்டு முறை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். 60 கிலோவாட் என்று பலகை இருக்கும். பக்கத்துச் சார்ஜிங் கன்னில் இன்னொரு கார் நின்றால் சில இயந்திரங்களில் அது 30, 30 ஆகப் பிரியும். போய்ச் சேரும் வழி, காத்திருப்பு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, அதில் முன்கூட்டியே போட்டு வைக்கும் பணம், இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறைமலைநகரில் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து வரும் ஒருவர், வாரத்தில் இரண்டு மாலை பங்க்கில் உட்கார்ந்திருப்பார். முதல் மாதம் ஆர்வத்தில் போய்விடும். மூன்றாவது மாதம் கார் மீதே வெறுப்பு வரும். பார்க்கிங்கில் பிளக் இல்லாமல் வாங்கி, ஒரு வருடத்தில் விற்றவர்களை எனக்குத் தெரியும். காரில் ஒரு குறையும் இருந்திருக்காது.

வீட்டில் என்ன நடக்கிறது? அன்றைக்கு ஓடிய 40 கிலோமீட்டருக்கு 7 யூனிட் வேண்டும். 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு 3 யூனிட் போகும். இரண்டரை மணி நேரம். செருப்பைக் கழற்றுவதற்கு முன் கன்னைச் செருகிவிட்டு மாடி ஏறினால் நீங்கள் சாப்பிட்டுப் படுப்பதற்குள் முடிந்துவிடும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெட்டி வேண்டும் என்று விற்பனையாளர் சொல்வார். உங்கள் ஓட்டத்துக்கு அது தேவையில்லை. காரோடு வரும் கைச் சார்ஜர் போதும்.

பேட்டரிக்கும் இதுவே நல்லது. மெதுவாக ஏறும்போது சூடு குறைவு. பேட்டரிக்குள் இருக்கும் செல்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் கார் சரிசெய்துகொள்ளவும் நேரம் கிடைக்கிறது. வேக சார்ஜிங்குக்கு நடுவில் மெதுவான சார்ஜிங்கும் வேண்டும் என்று காரோடு வரும் கையேடுகளிலேயே போட்டிருப்பார்கள். எப்போதாவது நெடுஞ்சாலையில் போடுவதால் ஒன்றும் கெட்டுவிடாது. சித்திரை வெயிலில் வாரம் இரண்டு முறை அதையே செய்வதுதான் வேறு.

சரி, சங்கத்துக்கு வருவோம். பொருளாளரின் கவலை நியாயமானது, அதற்குத் தீர்வும் சுலபம். பொதுக் கரன்ட்டைத் தொடவே வேண்டாம். சென்னை அடுக்குமாடிகளில் மீட்டர் பலகை பெரும்பாலும் தரைத்தளத்தில்தான் இருக்கும். உங்கள் வீட்டு மீட்டருக்குப் பின்னாலிருந்தே தனியாக ஒரு வயர் எடுத்து உங்கள் பார்க்கிங் தூண் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். கார் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லிலேயே வரும், சங்கத்துக்கு ஒரு காசு கணக்கில்லை. தூரத்தைப் பொறுத்து 10,000 முதல் 20,000 ரூபாய்க்குள் முடிகிற வேலை. மீட்டர் வேறெங்கோ இருந்து வயர் இழுக்க வழியில்லை என்றால் இன்னொரு பாதை உண்டு. 2024 பிப்ரவரியில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, கேட்பவருக்கு வண்டி சார்ஜிங்குக்கென்று தனி இணைப்பு கொடுக்க வேண்டியது மின் விநியோக நிறுவனத்தின் கடமை. தனி இணைப்புக்கு நிலைக் கட்டணமும் வேறு விலைப்படியும் வரும் என்பதால், உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு முடிவு செய்யுங்கள். எப்படியானாலும் உங்கள் அனுமதிச்சுமையை அங்கே காட்டி, காரின் 3 கிலோவாட்டுக்கு அது இடம் தருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் கூட்டி வாங்கிவிடுங்கள்.

செயலாளரின் பயத்தையும் நான் தள்ளமாட்டேன். அவர் பயப்படுவது சரியான விஷயத்துக்குத்தான், பழிதான் காரின் மீது விழுகிறது. கெய்சரும் 15 ஆம்ப் பிளக்கில்தான் ஓடும், ஆனால் பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடும். கார் அதே பிளக்கிலிருந்து, ஊருக்குப் போய் வந்த இரவில், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடாமல் மின்சாரம் எடுக்கும். பிளக்கில் எங்காவது திருகு லூசாக இருந்தால், வயர் மெலிந்திருந்தால், கெய்சரில் தெரியாத சூடு காரில் தெரிந்துவிடும். முதல் மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிட்டு சார்ஜ் போட்ட ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பிளக்கின் ஒரு கால் கறுத்து, சாக்கெட்டின் பிளாஸ்டிக் இளகி ஒட்டியிருந்தது. இன்னும் இரண்டு இரவு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். காரில் ஒரு குற்றமும் இல்லை.

ஆகவே உங்கள் எலக்ட்ரீஷியனிடம் இதைக் கறாராகச் சொல்லுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே நீளமாக, குழாய்க்குள். அந்த வயருக்கென்று தனி எம்.சி.பி. அதோடு 30 மில்லி ஆம்பில் விழும் ஆர்.சி.சி.பி., டைப் ஏ வகை. தொழிற்சாலைகளில் போடும் கனமான சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக எர்த். எர்த் சரியில்லை என்றால் பெரும்பாலான கைச் சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்களில் பலரின் பிரச்சினை வீட்டு எர்த்தில்தான் இருக்கிறது. கும்பகோணத்து வீட்டிலும் இதையே பாருங்கள். பழைய வீடுகளில் எர்த் குழி கோடையில் காய்ந்து போயிருக்கும். கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தால் போதும்.

சிட்லபாக்கம் மழைநீர் தேங்கும் பகுதி என்பதால் இன்னொன்று. பிளக்கை எந்த உயரத்தில் வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். உங்கள் தெருவில் அன்றைக்குத் தண்ணீர் எந்த மட்டம் ஏறியது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். சாக்கெட்டும் பெட்டியும் அதற்கு இரண்டடி மேலே இருக்கட்டும். பெருமழை எச்சரிக்கை வந்தால் முந்தைய இரவே 100 சதவீதம் ஏற்றி, காரை மேடான இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் நின்றால் மின்சாரத்தை வாரியமே நிறுத்திவிடும். பொது நிலையமும் அன்றைக்கு இயங்காது.

பொது சார்ஜரின் அருமை தெரிவது கும்பகோணப் பாதையில். 35 யூனிட் பேட்டரி நெடுஞ்சாலை வேகத்தில் 220 கிலோமீட்டர் அளவில் கொடுக்கும். கும்பகோணம் உங்களுக்கு அதைவிடத் தூரம். வீட்டில் 100 ஏற்றிக்கொண்டு கிளம்பி, திண்டிவனம், விக்கிரவாண்டி பக்கம் ஒரு காபிக்கும் டிபனுக்கும் நிறுத்துகிற நேரத்தில் போட்டால் மிச்ச தூரம் நிம்மதி. 20 யூனிட் ஏற்றினால் 440 ரூபாய், போக வர 900. மாதம் ஒருமுறை இதைக் கொடுப்பதில் தப்பே இல்லை. சென்னை, திருச்சி, மதுரை வழியில் பாரத் பெட்ரோலியம் 2022-லேயே தன் பங்க்குகளில் வேக சார்ஜர்களை வைத்தது. கோவையிலிருந்து வந்த ஸியான் போன்ற நிறுவனங்கள் உணவகங்களை ஒட்டி வைத்திருக்கின்றன. 2024-இல் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். இடம் கூடிக்கொண்டே போகும்.

ஆனாலும் ஒரே சார்ஜரை நம்பிக் கிளம்பாதீர்கள். ஒரு பொங்கல் சமயத்தில் நான் போய் நின்ற இடத்தில் இரண்டு கன்னில் ஒன்று வேலை செய்யவில்லை, எனக்கு முன்னால் மூன்று கார். இரண்டு மணி நேரம் போனது, காரில் சின்னக் குழந்தைகள். அன்றிலிருந்து நான் நிறுத்தும் இடத்துக்கு 20 கிலோமீட்டர் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பார்த்து வைத்துக்கொள்கிறேன், 25 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடுவதில்லை. கார் ஷோரூம்களில் இருக்கும் சார்ஜர்கள் இரவில் பூட்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் கார் 80-ஐத் தொட்டதும், பின்னால் யாராவது நின்றால் கன்னை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். கடைசி 20-க்கு ஆகும் நேரத்தில் இன்னொரு குடும்பம் ஊர் போய்ச் சேரும்.

இந்தப் பதிலை வாடகை வீட்டில் இருப்பவர்களும் தெருவில் கார் நிறுத்துபவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கு என் பதில் வேறு. வேலை பார்க்கும் இடத்தில் பிளக் கிடைத்தால் அதுவே வீட்டு பிளக்குக்குச் சமம். பகல் முழுக்க வண்டி அங்கேதான் நிற்கிறது. உங்கள் கணவரும் தொழிற்சாலையில் கேட்டுப் பார்க்கட்டும். அதுவும் இல்லையென்றால் இப்போதைக்குக் காரைத் தள்ளிப்போடுங்கள். ஸ்கூட்டராக இருந்தால் பேட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துப்போகும் வகையைப் பாருங்கள். சார்ஜ் போடும்போது மாடிப்படிக்குக் கீழேயோ வாசற்கதவை ஒட்டியோ வைக்காதீர்கள். தீ என்று ஒன்று வந்தால் வெளியேறும் வழி அதுதான்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள் அம்மா. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை முன்தினமே வரவழைத்து, மீட்டர் பலகையிலிருந்து தூண் வரை வயர் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து, மேலே சொன்ன வயரும் ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும் அதில் இருப்பதை அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் செயலாளர் கையில் கொடுங்கள். வேலை முடிந்ததும் எர்த் சோதித்துக் காட்டுவதாகவும், வருடத்துக்கு ஒருமுறை உங்கள் செலவில் சோதிப்பதாகவும் எழுதிக் கொடுங்கள். 16 வீடுகளில் அடுத்த மின்சாரக் கார் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், எல்லாப் பார்க்கிங்குக்கும் வயர் போக ஒரே குழாய்த் தடத்தை இப்போதே போட்டு வைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள். கூட்டத்தில் என்ன முடிவானது என்று எனக்கு எழுதுங்கள். மறுத்தால், என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.